டிக்கிக்குப் பால் காய்ச்சினோமுங்க

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்தத் தட்டு மேல மட்டும் கால் பட்டுறாமப் பார்த்துக்கங்க. வெத்தல, பாக்கு, ஒரு சீப்புப் பூவன், தேங்கா. தேங்கா நம்ம தோப்புதுதான். ஓரத்துல இருக்கற அந்தப் பொட்டலம் வேற, அதைப் பிரிக்காதீங்க. விசேசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இன்சூரன்ஸ் ஏஜென்டைப் பார்க்கப் போறேன்.

சிரிக்காதீங்க. ஏஜென்டைப் பார்க்கத் தட்டு வச்சுட்டுப் போற மொத ஆளு நானாத்தான் இருப்பேன், அது எனக்கே தெரியுது. என்ன பண்றது, அப்படி ஒரு ஏஜென்டு எனக்கு வாய்ச்சிருக்கறாரு. எம் பொண்டாட்டியோட அண்ணன். திருமூர்த்தின்னு பேரு. வால்பாறையில ஆபீஸ் வச்சிருக்கறாரு. பஸ்ஸு மேல போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன். நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. படிச்ச பையனாட்டத் தெரியறீங்க.

எம் பேரு சென்னியப்பனுங்க. ஆனைமலைப் பக்கம் தோப்பு. எங்கிட்ட ஒரு ஜீப்பு இருந்துச்சு. இருக்குது. பட்டறையில செவுத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது. இல்லாட்டி நான் எதுக்குங்க பஸ்ஸுல வாறேன்? நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. காடு, மேடு, சேறு எதா இருந்தாலும் ஏறும். எங்களுக்கு ஒரு கிளப்பே இருக்குது. லீவு நாளானா நல்ல ரோட்டை விட்டுப்போட்டுக் கெட்ட ரோட்டைத் தேடிப் போவோம். ஆமாங்க, வேலையத்த வேலைதான். எம் பொண்டாட்டி சாந்தாமணியும் இதே வார்த்தையத்தான் சொல்லுவா.

ஒரு நாளு போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஜீப்பு டிக்கியைத் தொறக்கறான். ஒரு டிராயரை இழுக்கறான், அடுப்பு வருது. இன்னொண்ணை இழுக்கறான், பாத்திரம் கழுவற தொட்டி வருது. பக்கத்துல மூடியைத் தூக்கறான், உள்ள ஐஸ்பெட்டி. நடுக்காட்டுல நின்னுக்கிட்டு முட்டையை உடைச்சு ஆம்லெட்டுப் போடறான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலீங்க.

பட்டறையில சொல்லிப் பின்சீட்டு மொத்தத்தையும் கழட்டச் சொல்லிட்டேன். அடியில இரும்புச் சட்டம், மேல பிளைவுட்டு, டிராயருக்கு உருளை, தண்ணிக்கு ஒரு டேங்கு, கேஸு அடுப்பு, எல்லாம் டிக்கிக்குள்ள. டிராயரு இருக்குது பாருங்க, விரலால ஒரு தட்டுத் தட்டினாப் போதும், தானா மூடிக்கும். சத்தமே வராது. சாந்தாமணி வந்து பார்த்தா. தட்டினா. மூடிக்கிச்சு. மறுபடி தொறந்து மறுபடி தட்டினா.

"ஏனுங்க, ஊட்டு அடுப்படிக்கு ஒரு அலமாரி போட்டுக் குடுங்கன்னு எத்தனை வருசமாக் கேக்கறேன், பழைய அலமாரிக் கதவைக் கயித்துல கட்டி வச்சிருக்கறேன், இந்த டிக்கிக்கு வந்த யோகத்தைப் பாருங்க"ன்னா.

"உனக்காகத்தான் புள்ள பண்ணியிருக்குது, போற எடத்துல நீ சிரமப்படக் கூடாதுல்ல"ன்னேன்.

பொய்யில்லீங்க. நான் என்ன சமைக்கப் போறனா? அவதானே சமைக்கோணும். அவளுக்குத்தானே சவுரியம்.

கிளப்புல ஒரு பையன் அப்பவே சொன்னான். "அண்ணா, கம்பெனி சீட்டைக் கழட்டிட்டு இத்தனை பாரம் ஏத்தியிருக்கறீங்க, இன்சூரன்ஸுக்குச் சொல்லிருங்க. சொல்லாம விட்டா நாளைக்கு ஒண்ணுன்னா கிளைம் குடுக்க மாட்டான்." சாந்தாமணியும் அதையே புடிச்சுக்கிட்டா. காலையில காப்பி குடுக்கறப்ப, "அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க." சோறு போடறப்ப, "அண்ணங்கிட்ட ஒரு வார்த்தைங்க." ஒரு வார்த்தையாம். அந்த ஒரு வார்த்தை என்ன வெலைன்னு அவளுக்கு எங்க தெரியுது?

எனக்கும் எம் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதுங்க. ஏன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்களா? சரி, நானே சொல்றேன்.

அவரு மக தாரணி பெரிய மனுசி ஆன சீரு. ஒரே பொண்ணு. பெரிய மண்டபம், ஊரே கூடற விசேசம். அதுக்கு எனக்கு அழைப்பு எப்படி வந்துச்சு தெரியுமுங்களா? போன்ல. வாட்ஸ்அப்ல. பத்திரிகையைப் போட்டோ புடிச்சு, அடியில "குடும்பத்துடன் வரவும்"னு எழுதி அனுப்பிட்டாரு. நான் யாருங்க? ஊட்டு மாப்பிள்ளை. எனக்கு வாட்ஸ்அப்பு! பால்காரனுக்கும் அதே போட்டோ, எனக்கும் அதே போட்டோ. ஊட்டுப் படியேறி வந்து, தட்டுல வெத்தல பாக்கு பழம் வச்சு, பத்திரிகையைக் கையில குடுத்து, "மாப்பிள்ளை, நீங்க முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணும்"னு சொன்னா அது அழைப்பு. படம் அனுப்பறது என்னங்க அழைப்பு? அது தகவல். ஊருக்கெல்லாம் போற தகவல். சொல்றதுக்குன்னு ஒரு முறை இல்லீங்களா?

காலு ஒடிஞ்சு மாவுக்கட்டுப் போட்டிருந்தாராம். பைக்குல விழுந்துட்டாராம். இருக்கட்டுமே. காலு ஒடிஞ்சாக் கார்ல வர முடியாதா? மண்டபத்துல மட்டும் நாற்காலி போட்டு உக்காந்து எல்லாரையும் வாங்க வாங்கன்னாராமே! சாந்தாமணிக்குத் தனியாப் போன் பண்ணி, "தங்கச்சி, நடக்க முடியலம்மா, மாப்பிள்ளைகிட்ட நீதான் எடுத்துச் சொல்லோணும்"னு அழுதாராம். தங்கச்சிகிட்ட அழுதா எனக்குச் சொன்ன மாதிரி ஆயிருமா?

போகலீங்க. நாங்க போகல. அத்தைக்காரி மொதத் தண்ணி ஊத்தோணும், அதுதான் முறை. இவதான் ஒரே அத்தை. விடியக்காலையில எந்திரிச்சுப் பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, வாசல் பக்கமா நாற்காலியப் போட்டு உக்காந்திருந்தா. நான், "எங்க கெளம்பிட்ட?"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். எந்திரிச்சு உள்ள போனா, சேலையை மாத்திட்டு வந்து இட்லி ஊத்தினா. ஒரு சண்டை இல்ல, ஒரு சத்தம் இல்ல. சொன்னாப் புரிஞ்சுக்கற பொம்பள. அதுக்கப்புறம் கொஞ்சம் பேச்சுக் கொறஞ்சு போச்சு. வயசானா அப்படித்தானுங்களே.

நான் மச்சானோட நம்பரைப் போன்ல பிளாக் பண்ணிட்டேன். அப்புறம் அவருகிட்டப் போயி, என்னோட டிக்கியில டிராயரு வச்சிருக்கறேன், கம்பெனிக்குச் சொல்லிருங்கன்னு நான் நிக்கோணுமா? இந்தச் சென்னியப்பனா?

ஆனா நான் சொல்லாம விடல. அதைத்தான் கம்பெனிக்காரன் நம்ப மாட்டேங்கறான். நல்லாக் கேளுங்க, இதுதான் முக்கியம்.

டிக்கி வேலை முடிஞ்சு வந்ததும் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். ஆமாங்க, டிக்கிக்குத்தான். அடுப்பு வச்சா அது ஊடு மாதிரிதானே? மாலை போட்டு, சந்தனம் வச்சு, டிக்கியைக் கெழக்கப் பார்த்து நிறுத்தி, சாந்தாமணி பால் வச்சா. பொங்கோணும்ல, பொங்குச்சு. பொங்கி டிராயருக்குள்ள வழிஞ்சு அந்தப் புளிச்ச வாடை போகவே இல்லீங்க. அது கெடக்கட்டும். டிக்கியைத் தொறந்து, டிராயரு அத்தனையும் வெளிய இழுத்துப் பளிச்சுன்னு ஒரு போட்டோ எடுத்தேன். பின்சீட்டு இல்லாதது, அடுப்பு, டேங்கு, எல்லாம் தெரியும். அதைச் சாந்தாமணி போன்ல ஸ்டேட்டஸா வச்சேன். ஏன் அவ போன்ல? அங்கதான் மச்சான் இருக்கறாரு!

சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். யாரு யாரு பார்த்தாங்கன்னு அதுல காட்டும்ல? எம் மச்சான் மொகம் இருக்குது. பார்த்துட்டாரு. பார்த்தது மட்டுமில்லீங்க, பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டிருக்கறாரு. ரெண்டு கையையும் சேர்த்து வச்ச படம் இருக்குதுல்ல, அது. கும்பிடுன்னா என்னங்க அர்த்தம்? சரிங்க, ஆகட்டுங்க, ஏத்துக்கிட்டேன். அதுதானே? ஏஜென்டு பார்த்தா கம்பெனி பார்த்த மாதிரி. ஏஜென்டு கும்பிட்டா கம்பெனி கும்பிட்ட மாதிரி. முடிஞ்சு போச்சு. சொல்லியாச்சு. நான் நிம்மதியாத் தூங்கினேன்.

ஆழியாறு தாண்டிட்டமா? வளைவு ஆரம்பிச்சுருச்சு. தட்டைக் கொஞ்சம் மடியில வச்சுக்கறீங்களா? தேங்கா உருளுது.

அப்புறம் கிளப்பு ஆளுகளோட மேல வந்தோம். கிளப்புல ஒருத்தருக்கு எஸ்டேட்டு இருக்குது, அதுக்குள்ள மண்ணு ரோடு. வால்பாறைக்குப் பக்கந்தான். வர்ற வழியெல்லாம் சாந்தாமணி, "அண்ணன் ஊடு இப்படிப் போனா வந்துரும்ங்களே, தாரணியை ஒரு எட்டுப் பார்த்துட்டு..."ன்னா. "சமைக்க வந்தமா, சொந்தம் கொண்டாட வந்தமா?"ன்னேன். 

மேட்டுல வண்டியை நிறுத்திட்டு டிக்கியைத் தொறந்தோம். எல்லாரும் சுத்தி நின்னு போட்டோ எடுக்கறாங்க. நான் வெளக்கிச் சொல்லிட்டிருக்கறேன், எது எதுக்கு எந்த டிராயருன்னு. சாந்தாமணி கீழ் டிராயரை இழுத்து அரிசி எடுத்துட்டிருந்தா. அப்ப வண்டி மெதுவாப் பின்னால நகருது. பின்னால பாரம் அதிகமுங்க, ஹேண்ட்பிரேக்கு தாங்கல. போட்டிருந்தேன். போட்டிருந்தேன்னுதான் நெனைக்கறேன். அவ பக்கவாட்டுல விழுந்தா. டிராயரு முனை மணிக்கட்டைக் கிழிச்சுருச்சு. வண்டி அவளைத் தாண்டிப் பின்னால போயி, தேயிலைக்குள்ள எறங்கி, வாய்க்கால்ல டிக்கியக் குத்தி நின்னுச்சு.

நான் ஓடினேன். வண்டி பின்னால ஓடினேன்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? அவ விழுந்தா, சரி. ஆனா அவ அங்கயே இருக்கறா. வண்டிதானுங்க போயிட்டிருந்துச்சு. போறதத்தானே புடிக்கோணும்? பின்னால இருந்து "ஏனுங்க, நான் இங்க இருக்கறேன்"னு அவ கூப்பிட்டது கேட்டுச்சு. எனக்குத்தான் தெரியுமே அவ அங்க இருக்கறான்னு.

யாரோ அவளுக்குத் துணியைக் கட்டி விட்டிருந்தாங்க. அவளே அவ அண்ணனுக்குப் போன் பண்ணிட்டா. அவரும் வந்துட்டாரு. இப்பவும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கறாரு, அதை மட்டும் ஒத்துக்கறேன். வந்த மனுசன் என்ன பண்ணோணும்? நீங்க சொல்லுங்க. இன்சூரன்ஸ் ஏஜென்டு. கண்ணு முன்னால வண்டி வாய்க்கால்ல கெடக்குது. போட்டோ எடுக்கோணுமா இல்லையா? எப்படி ஆச்சுன்னு கேக்கோணுமா இல்லையா? வண்டி பக்கம் திரும்பியே பார்க்கலீங்க. தங்கச்சி கையைப் புடிச்சுக் கார்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. இப்படி ஒரு ஏஜென்டை வச்சுக்கிட்டு நான் எங்க போயி முட்டிக்கறது?

தையல் போட்டாங்க. மறுநாளு அவளைக் கூட்டிட்டு ஊட்டுக்கு வந்தேன்.

இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து சர்வேயரு வந்தாரு, வண்டியைச் சுத்தி வந்தாரு. "பின்சீட்டு எங்கங்க?"ன்னாரு. ஊட்டுல பரணை மேல பத்திரமா இருக்குதுன்னேன். "இதெல்லாம் மாத்தினதைக் கம்பெனிக்குச் சொன்னீங்களா?"ன்னாரு. சொன்னனேன்னேன். "எப்படிச் சொன்னீங்க?" ஸ்டேட்டஸ்ல வச்சேன், ஏஜென்டு பார்த்துக் கும்பிட்டாருன்னேன். அந்தாளு பேனாவைக் கீழ வச்சுட்டுச் சிரிக்கறானுங்க. "ஸ்டேட்டஸ் ஊருக்கெல்லாம் வைக்கறதுங்க, அது எங்களுக்குச் சொன்னதாகாது. எங்களுக்குன்னு தனியாச் சொல்லியிருக்கோணும்"ங்கறான். என்ன திமிருங்க! பார்த்துப்போட்டுப் பார்க்கலன்னு சொல்ற மாதிரி இருக்குது. கிளைம் இல்லைன்னு தபால் வந்துருச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சாந்தாமணி கையில கட்டோட வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. "உங்க அண்ணனுக்கு வேணும்னே பண்ற புத்தி. பார்த்துக் கும்பிட்டுட்டு இப்ப வாயைத் தொறக்க மாட்டேங்கறான். உங்க வம்சமே இப்படித்தான்"னேன். இன்னும் கொஞ்சம் சொல்லியிருப்பேன். கோவத்துல யாரு கணக்கு வச்சுக்கறாங்க? அவ வெங்காயத்தை உரிச்சு முடிச்சா. "கையில தையல் இருக்குது, நீங்க ஒரு தடவை கூட வலிக்குதான்னு கேக்கலீங்க"ன்னா. சொல்லிட்டு அடுப்பைப் பத்த வச்சா.

மறுநாளு தோப்புக்குப் போயிட்டு வாறேன், ஊடு பூட்டிக் கெடக்குது. சாவி பக்கத்து ஊட்டுல. சோறு ஆக்கி மூடி வச்சிருக்கறா. சொல்லவே இல்லீங்க! கட்டின புருசன்கிட்ட ஒரு வார்த்தை, நேர்ல நின்னு, போயிட்டு வாறேன்னு சொல்லோணுமா வேண்டாமா? ராத்திரி போனை எடுத்துப் பார்க்கறேன், ஸ்டேட்டஸ் வச்சிருக்கறா. தாரணி உக்காந்திருக்கறா, இவ பின்னால நின்னு தலை பின்னி விடறா. மணிக்கட்டுல கட்டுத் தெரியுது. அடியில எழுதியிருக்குது: "அத்தை வந்தாச்சு."

அவ்வளவுதான். எனக்குன்னு தனியா ஒரு வரி இல்ல. ஊருக்கெல்லாம் ஒண்ணு, எனக்கும் அதே ஒண்ணு. பால்காரன் பார்க்கறது, நானும் பார்க்கறேன். நான் பார்த்தேன்னு அவளுக்கும் காட்டியிருக்கும்.

என்னங்க சிரிப்பு? இல்ல, சிரிச்சீங்க, நான் பார்த்தேன். இதுல சிரிக்க என்ன இருக்குது?

அப்புறம் நானே மச்சான் நம்பரைப் பிளாக்குல இருந்து எடுத்து விட்டேன். கூப்பிட்டேன். நானேங்க! கிளைமுக்காகத்தான், வேற எதுக்குமில்ல. "நீங்க பார்த்தீங்கள்ல, பார்த்தேன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுங்க"ன்னேன். அவரு, "பார்த்தேன் மாப்பிள்ளை. டிராயரெல்லாம் அழகா இருந்துச்சுன்னுதான் கும்பிட்டேன். நீங்க எங்கிட்டச் சொன்னீங்களான்னுதான் கம்பெனி கேக்குது. எதா இருந்தாலும் நேர்ல வாங்க, பேசிக்கலாம்"னாரு. நேர்லயாம்! எங்கிட்டக் கத்துக்கிட்டதை எனக்கே திருப்பி விடறாரு. "தங்கச்சி பக்கத்துலதான் இருக்கறா, பேசறீங்களா?"ன்னாரு. கிளைமு பேசறப்ப நடுவுல அது எதுக்குன்னு, வேண்டாம்னுட்டேன். போனை வச்சதுக்கப்புறம்தான் பேசியிருக்கலாமேன்னு தோணுச்சு.

அதான் தட்டு. நேர்ல வரச் சொன்னா முறையா வருவோம். நாம முறை தெரிஞ்ச ஆளு.

எப்படிச் சாப்பிடறேன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. சாந்தாமணி ஆக்கி வச்சுட்டுப் போன சோறு தீர்ந்ததும், நானே காப்பி வச்சுக்கலாம்னு அடுப்படிக்குப் போனேன். காப்பித்தூளு எதுல இருக்குதுன்னு தெரியல. அலமாரிக் கயித்தை அவுத்தேன், கதவு கையோட வந்துருச்சு. அதை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு நின்னேன். இத்தனை வருசமா அவ இதை எப்படித் தொறந்து மூடினாளோ தெரியலீங்க. ஊடு நல்லாவே இல்லீங்க தம்பி. சத்தமே இல்ல. டிராயருக்குச் சத்தம் வரக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்ச எனக்கு, ஊட்டுல சத்தமில்லைன்னா இப்படி இருக்கும்னு தெரியாமப் போச்சு.

அந்தப் பொட்டலமா? அது ஒண்ணுமில்ல. சரி, பிரிச்சுட்டீங்க, பாருங்க. மைக்காத் துண்டுக. கடைக்காரன் மாதிரிக்குக் குடுத்தான், கலர் பார்க்க. அலமாரிக்குத்தான். நான் கேட்டா அவ எதா இருந்தாலும் சரிம்பா. அதனால கையில குடுத்துப் பார்க்கச் சொல்லலாம்னு. வழியிலதானே, ஏஜென்டைப் பார்க்கப் போற வழியில.

வந்துட்டமா? அதா, கடைவீதி தெரியுது. எந்திரிக்கறேன். தட்டைக் குடுங்க. எறங்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், படிச்சவரு, நெசத்தைச் சொல்லுங்க.

அன்னைக்கு ராத்திரி அவ ஸ்டேட்டஸைப் பார்த்துப்போட்டு எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. எதையாவது எழுதலாம்னா கை வரல. ஒரு கும்பிடு போட்டுட்டேன்.

அட, இருங்க. எனக்குத் தெரியும் நீங்க என்ன சொல்ல வாறீங்கன்னு. எம் மச்சான் போட்டது சரிங்க, ஏத்துக்கிட்டேங்கற கும்பிடு. நான் போட்டது அது இல்லீங்க. நான் போட்டது ஊட்டுக்கு வா சாந்தாமணிங்கற கும்பிடு. படம் ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்கும்.

அது வேற கும்பிடுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?